கைக்கண்ணாடி இறங்கும் வரை

ரெண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணி, பளிச்சென்று வெயில். ஜன்னலுக்கு வெளியே இளநீர்க்காரரோடு யாரோ கன்னடத்தில் சத்தமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் என் வலது கை எழுந்து, முன்னால் நீண்டு, எனக்கு எதிரே இருந்த காலி இடத்துக்குப் பொட்டு வைத்தது.

காலி என்றால் நிஜமாகவே காலி. அங்கே ஆள் இல்லை, நாற்காலி இல்லை, தூரத்துச் சுவரில் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான்.

பயந்தேனா என்றா கேட்கிறீர்கள்? சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது ஸ்வாமி.

சரி, முதலிலிருந்து வருகிறேன். நாலு மாதமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சில பேர் விசாரித்தீர்களாம். 'எழுத விஷயம் தீர்ந்துபோய் ஆசாமி ஓடிவிட்டாரா?' என்று ஒருத்தர் கேட்டதாக ஆசிரியர் சொன்னார். விஷயம் இருந்தது ஐயா. கைதான் இல்லை.

ஸ்ட்ரோக். மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிரஷ் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன்... அவ்வளவுதான் ஞாபகம். அப்புறம் கால் ஒரு மாதத்தில் ஓரளவு வந்துவிட்டது. பேச்சும் வந்துவிட்டது. "அது இன்னும் கொஞ்சம் நாள் கழிச்சு வந்திருந்தா ஆத்துல நிம்மதியா இருந்திருக்கும்" என்றாள் பத்மா. பத்மா என் மனைவி. பழைய வாசகர்களுக்கு அவள் வாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

வலது கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. தூங்கி எழுந்தால் பக்கத்தில் வேறு யாருடைய கையோ கிடக்கிற மாதிரி இருக்கும். தொட்டுப் பார்ப்பேன். சூடாகத்தான் இருக்கும்.

முப்பது வருஷமாக இந்தப் பத்தியை எழுதிய கை அது. எனக்குக் கீபோர்டில் யோசனை ஓடாது. கோடு போடாத வெள்ளைத்தாளும் நீல இங்க் பேனாவும் இருந்தால்தான் வார்த்தை வரும். இப்போது நீங்கள் படிப்பதை இடது கை ஆள்காட்டி விரலால் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு 'ஞ' போடுவதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. அழுகையாக வருகிறது. நாலு மாதத்தில் நிஜமாகவே அழுததும் உண்டு, பாத்ரூமில், குழாயைத் திறந்துவிட்டு.

மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ ஆட்டோ தூரத்தில் ஒரு சிகிச்சை மையம். அங்கேதான் அந்த மெஷினை எனக்கு மாட்டினார்கள்.

ரோபோ என்றதும் நான் என்னென்னவோ கற்பனை செய்திருந்தேன். பார்த்தால் சட்டைக்கு மேலே போடுகிற ஒரு நீளமான கை. தோளிலிருந்து விரல் நுனி வரை பட்டைகள், கம்பிகள், மூட்டுக்கு மூட்டு ஒரு குட்டி மோட்டார். தசை மேலே வட்ட வட்டமாக ஸ்டிக்கர்கள். நீங்கள் கையைத் தூக்க நினைத்தால் தசையில் ஒரு சின்னத் துடிப்பு வருமாம். கண்ணுக்குத் தெரியாது, உங்களுக்கே தெரியாது. ஸ்டிக்கருக்குத் தெரியும். மீதி பலத்தை மோட்டார் போட்டுத் தூக்கிவிடும்.

பக்கத்தில் ஒரு ஸ்க்ரீன். அதில் இரண்டு கோடுகள். ஆரஞ்சுக் கோடு மெஷினின் உழைப்பு. பச்சைக் கோடு நம்முடைய உழைப்பு.

என் ஆரஞ்சு ஜம்மென்று மேலே போகும். பச்சை தரையோடு தரையாகப் படுத்திருக்கும்.

"சார், ஸ்வல்ப ட்ரை மாடி சார்" என்பாள் காவ்யா, கொஞ்சம் முயற்சி பண்ணுங்கள் என்று. தெரபிஸ்ட். ஹாசன் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. தமிழ் புரியும், பேச அரைகுறையாகத்தான் வரும். அவள் கன்னடத்தில் கேட்பாள், நான் தமிழில் புலம்புவேன், பத்மா நடுவில் இரண்டிலும் என்னைத் திட்டுவாள். மைசூரில் இது ரொம்ப சாதாரணம்.

டாக்டர் நல்ல மனுஷர். ஆனால் பூசி மெழுகத் தெரியாதவர். "ரெண்டு மாசம் பார்ப்போம். அதுக்குள்ள பச்சை துளியாவது வரணும். வரலைன்னா வலது கையை விட்டுட்டு, இடது கையை வெச்சுண்டு வாழப் பழகிக்கலாம்" என்றார்.

விட்டுட்டு! பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வருகிற மாதிரி சொல்கிறார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. சும்மா கையைத் தூக்கு, இறக்கு என்று பயிற்சி கொடுக்க மாட்டார்கள். 'உங்களுக்கு எந்த ஒரு வேலை ரொம்ப முக்கியம்?' என்று கேட்டு அதையே பழக்குவார்கள். நான் எழுத வேண்டும் என்றேன். விரல் கடைசியில்தான் வரும், முதலில் தோளும் முழங்கையும் வரட்டும், முகம் வரை கை போகிற மாதிரி வேறு ஏதாவது சொல்லுங்கள் என்றாள் காவ்யா.

"நாமம்!" என்றாள் பத்மா. "காலம்பர காலம்பர இவருக்கு நான் நாமம் போட்டுவிட்டு, அது கோணலாப் போயி, இவர் என்னைக் கத்தி... போறும்மா எனக்கு. முதல்ல அதைக் கத்துக்குடு."

நியாயம்தான். குளித்ததும் திருமண் இட்டுக்கொள்ளாமல் எனக்குக் காபி இறங்காது. பத்மா போட்டால் ஒரு கால் காதைப் பார்க்கும், ஒரு கால் கூரையைப் பார்க்கும்.

காவ்யா முகமெல்லாம் சிரிப்பு. ஸ்க்ரீனில் தேடி எதையோ கண்டுபிடித்துவிட்டாள். "சார்! நாமா ப்ரோக்ராம் ஏற்கெனவே இருக்கு சார்!"

மெஷினுக்கு ஒரு வேலையைக் கற்றுக்கொடுப்பது எப்படியென்றால், தெரபிஸ்ட் நம் கையைப் பிடித்து ஒரு தடவை செய்து காட்டுவார். மெஷின் அதை அப்படியே மனப்பாடம் பண்ணிக்கொண்டு மறுபடி மறுபடி செய்யும். காவ்யாவுக்கு முன்னால் இருந்த தெரபிஸ்ட் வேறு யாரோ பேஷண்ட்டுக்காகப் பதிந்து வைத்தது அது. அந்தத் தெரபிஸ்ட் பெங்களூருக்குப் போய்விட்டார். ப்ரோக்ராம் மட்டும் மெஷினுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

நாமம் என்றால் நாமம்தானே என்று காவ்யா நினைத்துவிட்டாள். பாவம், ஹாசன் பெண்ணுக்கு என்ன தெரியும்?

பட்டன் அழுத்தினாள். மோட்டார்கள் மெல்ல முனகின. ரெண்டு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்த என் கை, என் கண் எதிரே, நிதானமாக எழுந்தது. நான் எழுப்பவில்லை. அது எழுந்தது. விரல் மடங்கி ஆள்காட்டி விரல் மட்டும் நீண்டது. புருவ நடுவில் தொட்டது. வளைந்து இந்தப் பக்கம் மேலே போனது. திரும்பி வந்து, வளைந்து அந்தப் பக்கம்...

"ஐயையோ! நிறுத்தும்மா! ஏன்னா... இது அவா நாமம்னா!" என்று அலறினாள் பத்மா.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் மேல்கோட்டை வழி, தென்கலை. எங்கள் நாமத்துக்கு மூக்கின் மேல் பாதம் உண்டு. வடகலையாருக்குப் பாதம் கிடையாது, புருவத்துக்கு நடுவிலேயே வளைந்து மேலே போய்விடும். என் தென்கலை நெற்றியில் மெஷின் வடகலை நாமம் போட்டுக்கொண்டிருந்தது. வெள்ளை மண்ணும் இல்லை, நடுவில் இடுகிற சிவப்புச் சூர்ணமும் இல்லை, வெறும் விரல்தான். அதற்கே இந்த அலறல்.

"நாமா அந்த்ரே நாமா அல்வா ஆன்ட்டி?" என்று காவ்யா மிரண்டுபோய்க் கேட்டாள், நாமம் என்றால் நாமம்தானே என்று.

"அதைக் கேட்டுண்டு கோர்ட்டு வரைக்கும் போனவாளுக்கே பதில் வரலைடி கண்ணு" என்றாள் பத்மா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் முதல் சிரிப்பு. கை மேலே போனால் சரி, எந்தக் கலையாக இருந்தால் என்ன, ஓடட்டும் என்றேன். ஓடியது. இரண்டு வளைவு, நடுவில் சூர்ணக் கோடு. முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை.

கை நெற்றியிலிருந்து இறங்கி, மடிக்கு வராமல், நேரே முன்னால் நீண்டது. முழங்கை விரிந்தது. விரல் காற்றில் ஓரிடத்தில் போய் நின்றது. அங்கே நின்றதும் மோட்டார் சத்தம்கூட அடங்கிவிட்டது. ஒரு நொடி, ஒன்றரை நொடி இருக்கும். அப்புறம் விரல் நுனி ஒரு துளி முன்னால் போய், கீழிருந்து மேலாக, சின்னதாக ஒரு தீற்று. அவ்வளவுதான். கை மடிக்கு வந்து படுத்துக்கொண்டது.

பொட்டு. யார் பார்த்தாலும் சொல்வார்கள், எதிரே உட்கார்ந்திருக்கிற ஒருத்தருக்குப் பொட்டு வைக்கிற வாகு அது.

"இது எதுக்கு சார்?" என்றாள் காவ்யா. நான் யாரைக் கேட்பது?

அன்றைக்கு முப்பது தடவை. மறுநாள் முப்பது தடவை. ஒவ்வொரு தடவையும் நாமம், பிறகு அந்தக் கை நீட்டல், அந்த நிற்றல், அந்தத் தீற்று. தீற்றைவிட அந்த நிற்றல்தான் என்னை என்னவோ செய்தது. மெஷின் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? மெஷினுக்கு என்ன தயக்கம்? எதிரே இருக்கிற யாரோ ஏதோ செய்து முடிக்கட்டும் என்று கை பொறுமையாக நிற்கிறது. செய்து முடித்தாயிற்று என்று அதற்குத் தெரிந்ததும் பொட்டு வைக்கிறது. ஒரு நாள் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னேன். கை ஜன்னல் பக்கம் நீண்டு அங்கே காத்திருந்தது.

நான்காம் நாள் ஒன்றைக் கவனித்தேன். பத்மா தண்ணீர் பாட்டிலை எடுக்க அறையின் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. எனக்கு எதிரே நேராக நடந்தால் நாலு எட்டு. அவள் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

"ஏன் சுத்திண்டு போறே?" என்றேன்.

"சும்மா" என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை.

அப்புறம் பார்த்தால் காவ்யாவும் அப்படித்தான் போகிறாள். பயிற்சி முடிந்து கைத்தடியோடு எழுந்தால் நானும் அப்படித்தான் போகிறேன். ஒருத்தரும் ஒருத்தருக்கும் சொல்லிக்கொள்ளவில்லை. எதிரே ஆள் உட்கார்ந்திருந்தால் எப்படி ஒதுங்கிப் போவோமோ அப்படி ஒதுங்கிப் போனோம்.

இதற்கு நடுவில் என் பச்சைக் கோடு? படுத்த படுக்கைதான். ஐந்து வாரம் ஓடிவிட்டது.

"யார் அது?" என்றாள் பத்மா, ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது.

"எது?"

"உங்க கையில இருக்கறவர்."

அவள் கேட்ட தோரணையில் நான் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன்.

காவ்யாவைக் கேட்டுப் பயனில்லை. பேஷண்ட் பெயரெல்லாம் சொல்லக் கூடாது, சொல்ல அவளுக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் பத்மாவுக்கு எதற்குக் காவ்யா? மைசூரில் ஸ்ட்ரோக் வந்த ஒரு வடகலை ஆசாமி, போன வருஷம் அந்த மையத்துக்குப் போனவர். போதாதா? இந்த ஊரில் எங்கள் சனங்களைக் கண்டுபிடிக்க போலீஸ் வேண்டாம். இரண்டு போன். முதல் போன் அவள் அத்தங்காவுக்கு, அதாவது அத்தை பெண்ணுக்கு. இரண்டாவது போன் நேராக அந்த வீட்டுக்கே.

"அக்ரஹாரத்துல இருக்கா. அவர் போயி எட்டு மாசம் ஆச்சாம். மாமி தனியா இருக்கா. நாளைக்கு வரச் சொன்னா" என்றாள்.

போயி. நான் என் வலது கையைப் பார்த்தேன். பேசாமல் மடியில் கிடந்தது.

மறுநாள் காலை போனோம். கோவிலைத் தாண்டி, ஸ்கூட்டர்கள் உரசிக்கொண்டு போகிற ஒரு சந்தில் மாடி வீடு. மாமிக்கு எழுபது வயசு இருக்கலாம். நல்ல உயரம். நெற்றியில் ஒன்றும் இல்லை. "பன்னி பன்னி, ஒளக வாங்கோ" என்று கன்னடமும் தமிழுமாகக் கலந்து உள்ளே அழைத்தார். காபி கொடுத்தார். என் ஸ்ட்ரோக்கை விசாரித்தார், பிபி மாத்திரை பெயரைக் கேட்டார். ஆனால் விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது? 'உங்கள் ஆத்துக்காரர் என் கைக்குள் இருக்கிறார்' என்றா?

பத்மாதான் ஆரம்பித்தாள். "மாமி, மாமாவுக்கு அந்த மெஷின்ல நாமம் போடப் பழக்கினாளாமே?"

"ஹௌது. அதுக்குன்னே அடம் பிடிச்சார்."

"போட்டு முடிச்சப்புறம் கை இன்னொண்ணு பண்றது மாமி. இவருக்கும் அது அப்படியே வரது. என்னன்னு புரியலை." சொல்லிக்கொண்டே பத்மா தன் விரலால் செய்து காட்டினாள். நெற்றியில் ஒரு வளைவு, இன்னொரு வளைவு, நடுக்கோடு. பிறகு கையை முன்னால் நீட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்த மாமியின் நெற்றிக்கு இரண்டு விரற்கடை முன்னால் நிறுத்தினாள். அந்த ஒரு நொடி... மெஷின் நிற்பது போலவே.

மாமியின் இரண்டு கைகளும் மெல்ல மடிக்கு இறங்கின.

அவர் கையில் ஒன்றும் இல்லை. காபி டம்ளரை எப்போதோ கீழே வைத்துவிட்டார். ஆனால் எதையோ முகத்துக்கு நேரே பிடித்திருந்து கீழே இறக்குகிற மாதிரி, இரண்டு கையும் சேர்ந்து, தானாக இறங்கின. இறங்கிய பிறகுதான் மாமிக்கே தெரிந்தது. தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இப்போது தட்டும்போதும் அப்படித்தான்.

"கைக்கண்ணாடி" என்றார் கடைசியில். "அங்க சுவத்துக் கண்ணாடி தூரத்துல இருக்கு, அவருக்குத் தெரியலை. ஆத்துலேர்ந்து கைக்கண்ணாடி கொண்டுபோயி எதிர நான் பிடிச்சுண்டு உட்காருவேன். ஒரு நாள் அந்தத் தெரபிஸ்ட் புள்ளாண்டான்கிட்ட சொன்னார், இவளும் தினம் ஒரு மணி நேரம் என் மூஞ்சியையே பார்த்துண்டு உட்கார்ந்திருக்கா, இவளுக்கும் ஒரு சூர்ணம் இட்டுடறேன், அதையும் மெஷின்ல ஏத்துன்னு. கல்யாணமாகி நாப்பது வருஷத்துல எனக்குப் பூ வாங்கித் தந்தவர் இல்லை. மெஷின் வந்தப்புறம் பொட்டு இட்டார்."

"அந்த நிக்கறது மாமி?" என்றேன்.

"கண்ணாடி என் மூஞ்சியை மறைச்சுண்டு இருக்குமே. நான் இறக்கணும். இறக்கற வரைக்கும் நிப்பார்."

சந்தில் ஒரு ஸ்கூட்டர் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"கடைசி வரைக்கும் பச்சை வரவேயில்லை அவருக்கு" என்றார் மாமி. "அத்தனையும் ஆரஞ்சு. பண்ணறது மெஷின்தான்மா, அவர் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். அப்புறம் ரெண்டாவது ஸ்ட்ரோக்ல போயிட்டார். எனக்கு இட்டது அவரா, மெஷினான்னு இன்னும் எனக்குத் தெரியலை."

பிறகு என்னைப் பார்த்தார். என்னை இல்லை, என் கையை.

"இன்னும் அங்க தினம் நிக்கறதா அது? நான் இறக்கறேனான்னு பார்த்துண்டு?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "ஆமாம் மாமி" என்றேன்.

மாமி அழவில்லை. ஆனால் முகம் சட்டென்று வெளிறிவிட்டது. "அழிச்சுடச் சொல்லுங்கோ. நான் இங்க சாப்பிட்டுண்டு, சீரியல் பார்த்துண்டு இருக்கேன், அங்க அவர் எனக்காக நின்னுண்டே இருக்கார்னா... பேடப்பா, வேண்டாம். என்னால முடியாது. இன்னிக்கே அழிச்சுடச் சொல்லுங்கோ."

அன்று மத்தியானமே காவ்யாவிடம் சொன்னோம். அவள் பட்டனைத் தட்டினாள். நிச்சயமாக அழிக்கலாமா என்று ஸ்க்ரீன் திருப்பிக் கேட்டது. காவ்யா என்னைப் பார்த்தாள், நான் பத்மாவைப் பார்த்தேன், பத்மா கண்ணை மூடிக்கொண்டு "அழிச்சுடு" என்றாள். போய்விட்டது. மெஷினுக்குள் இப்போது அவர் கிடையாது.

புது ப்ரோக்ராம் பதிய பத்மாவே என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாதம் வைத்து, மூக்கு வரை இழுத்து, அசல் தென்கலை. பதிவு கோணல்தான். அவள் கைவாகு அப்படி. நெற்றியோடு முடிந்தது, கை நேராக மடிக்கு வந்தது. அடுத்த இரண்டு வாரம் அதுதான் ஓடியது. கை முன்னால் நீளவில்லை, எங்கேயும் நிற்கவில்லை. பத்மா தண்ணீர் பாட்டிலுக்கு நேர் வழியில் நடந்தாள்.

பச்சை மட்டும் வரவில்லை.

கடைசி நாளும் வந்தது. பன்னிரண்டு மணிக்கு டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சொல்வார். என்ன சொல்வார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். எனக்குக் கோபமாக வந்தது. மெஷின் மேல், டாக்டர் மேல், பெருமாள் மேல். கோபத்தில் கண்ணும் சரியாகத் தெரியவில்லை. "சுவத்துக் கண்ணாடி தூரமா இருக்கு, ஒண்ணும் தெரியலை" என்று எரிந்து விழுந்தேன்.

பத்மா பதிலுக்குத் திட்டவில்லை. அதிசயம்தான். கைப்பையிலிருந்து தன் கைக்கண்ணாடியை எடுத்தாள். ஒரு ஸ்டூலை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். என்ன செய்கிறோம் என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

காவ்யா பட்டன் அழுத்தினாள். கை எழுந்தது. பாதம், ஒரு கோடு, இன்னொரு கோடு, நடுவில் சூர்ணம். ஆரஞ்சுக் கோடு மேலே போய் இறங்கியது. ப்ரோக்ராம் முடிந்ததும் வழக்கமாக வருகிற 'பீப்' வந்தது. மோட்டார்கள் அணைந்தன. கை மடிக்கு இறங்க ஆரம்பித்தது.

பாதி வழியில் நின்றது.

பிறகு முன்னால் நீண்டது. நடுங்கிக்கொண்டே. மோட்டார் சத்தம் இல்லை. அறையில் என் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. முழங்கை விரிந்தது. விரல் கண்ணாடியின் முதுகுக்கு அந்தப் பக்கம் போகப் பார்த்து, விளிம்புக்கு மேலே போய்... நின்றது.

"சார்!" காவ்யா கத்தினாள். "பச்சை சார்! நீவே சார், நீவே மாட்தா இதீரா!"

நீங்களேதான் செய்கிறீர்கள் என்கிறாள். சத்தியமாகச் சொல்கிறேன், நான் செய்யவில்லை. கையை நீட்ட வேண்டும் என்று நான் நினைக்கவேயில்லை. ஆனால் ஸ்க்ரீனில், ஆரஞ்சு துளிகூட இல்லாமல், ஒரு பச்சைக் கோடு நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் பத்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. "என்னாச்சு? என்னாச்சுன்னா?" என்று கேட்டுக்கொண்டே கண்ணாடியைக் கீழே இறக்கினாள்.

இறக்கியதும் விரல் நகர்ந்தது. கீழிருந்து மேலாக, ஒரு தீற்று. பத்மாவின் நெற்றியில் படவில்லை. அவள் வகிட்டுக்கு மேலே, காற்றில் பட்டது. அந்த மாமி பத்மாவைவிட நல்ல உயரம்.

நான் ஓவென்று அழுதேன். சந்தோஷமா, பயமா? இரண்டும்தான். பத்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காவ்யாவும் அழுதாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கையை விட வேண்டாம் என்றார். மூளைக்கு எந்த வழி அதிகம் பழகியிருக்கிறதோ அந்த வழியில்தான் அசைவு முதலில் திரும்பி வரும், ஆயிரம் தடவை செய்த அசைவு அல்லவா, இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றார். சரியாகத்தான் சொல்லியிருப்பார். படித்தவர்.

"அவருக்கு வராத பச்சை உங்களுக்கு வந்திருக்கு" என்றாள் பத்மா, ஆட்டோவில்.

யோசித்துப் பார்த்தால் கையில் நம்முடையது என்று என்ன இருக்கிறது? என் கையெழுத்தின் கடைசிச் சுழி என் அப்பாவுடையது. பேப்பரை நாலாக மடித்து அக்குளில் வைத்துக்கொள்வது என் முதல் மேனேஜரிடம் வந்தது. யார் யாரோ வைத்துவிட்டுப் போனதைத்தான் நம்முடையது என்று ஆட்டிக்கொண்டிருக்கிறோம். அவர்களெல்லாம் எனக்குத் தெரிந்தவர்கள். இவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை, அதுதான் வித்தியாசம்.

இப்போது தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை ஏறுகிறது. பத்மா ஸ்டூலில் தலையணை போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். போன வியாழக்கிழமை காவ்யா என் விரலில் பேனாவைச் செருகினாள். பிடித்துக்கொண்டது மெஷின், இழுத்தது நான். கோடு போடாத வெள்ளைத்தாளில், கோணல்மாணலாக, ஒரே ஒரு 'அ' எழுதினேன். நாலு மாதத்துக்குப் பிறகு! வீட்டில் அதைப் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

ஒன்றே ஒன்று. பேனா தாளைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நொடி நின்றது. ஒன்றரை நொடி இருக்கும். பக்கத்தில் நின்ற பத்மா மூச்சுவிடவில்லை.

நேற்று அந்த மாமி போன் செய்தார். "அழிச்சாச்சா?" என்றார். "அழிச்சாச்சு மாமி" என்றாள் பத்மா. பொய் இல்லை, மெஷினில் அழித்தாகிவிட்டது. "அப்பாடா, இனிமேலாவது போயி உட்கார்ந்துண்டிருப்பார்" என்றாராம் மாமி. இன்று காலை மறுபடி போன் செய்தார்: எட்டு மாதத்துக்கு அப்புறம் நேற்றுத்தான் மத்தியானம் நன்றாகத் தூங்கினாராம்.

மாமிக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. மைசூரில் எங்களில் பாதிப் பேர் அப்படித்தான். அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதிவிட்டேன். அக்ரஹாரத்து வாசகர்களே, யாரும் இதை அவருக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள். கேட்டால், எனக்குக் கை வந்துவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள். கூட யார் வந்திருக்கிறார் என்று சொல்ல வேண்டாம்.